எந்த ஓய்வு?

எங்கள் கால்பந்து உலகத்தில் பயிற்சியாளரை யாரும் வேலையை விட்டுத் துரத்துவதில்லை. அத்தனை முரட்டு ஜனங்கள் இல்லை நாங்கள். ஓய்வு கொடுப்போம், அவ்வளவுதான். "பயிற்சியாளர் இன்னார் இன்று முதல் ஓய்வெடுக்கிறார்" என்று பத்திரிகையில் இரண்டு வரி வரும். அந்த ஓய்விலிருந்து திரும்பி வந்தவர் ஒருவரும் கிடையாது. நாமிஸாகி ஊரின் இகாரியோ கிளப்பில் முப்பத்தோரு வருஷம் சட்டை துவைத்து, பூட்ஸ் துடைத்து, வாடகைப் பேருந்தும் ஓட்டியவன் நான். அதற்குள் பதினோரு பயிற்சியாளர்களை ஓய்வுக்கு வழியனுப்பியிருக்கிறேன். பதினோரு பேரும் இன்னும் ஓய்வில்தான் இருக்கிறார்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டே ஓய்வெடுக்கிறார். இன்னொருவர் மாமனாரின் தோப்பில் ஏணி மேல் நின்று, பேரிக்காய்களுக்குக் காகித உறை மாட்டிக்கொண்டே ஓய்வெடுக்கிறார்.

பன்னிரண்டாவது ஆள் இபுகி ஷோஜிரோ. அவருக்கு வந்த ஓய்வைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அந்த நான்கு நாளில் நான் ஒன்பது கிலோ இளைத்தேன். நம்பாதவர்கள் என் பழைய கால்சட்டையை வந்து பார்க்கலாம்.

இபுகி ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அவரைப் பார்த்து மற்றவர்கள்தான் பயந்தார்கள். பதினேழு பருவம், ஐந்து கிளப், நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், எல்லாம் நடுத் தடுப்பில். அடித்த கோல் மூன்று. அதில் இரண்டு சொந்த வலைக்குள். மூக்கு நான்கு முறை உடைந்தது. நான்காவது முறை உடைந்தபோது நேராகப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது என்று டாக்டரே கைதட்டினாராம். இருட்டில் நடப்பவனின் வழியை மறித்து நிற்குமே ஒரு சுவர்ப் பேய், நூரிகாபே, அந்தப் பேரைத்தான் ரசிகர்கள் அவருக்கு வைத்திருந்தார்கள். எதிரணியின் பிரேசில்காரன் ஒருவன் அவர் மேல் மோதி விழுந்து, எழுந்ததும் சுத்தமான ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டான். அதுவரை அவனுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

முப்பத்தேழு வயதில் முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் குட்டிப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தார். இடையிடையே பயிற்சியாளர் உரிமத்துக்குப் படித்தார், தேர்வு எழுதினார், தவறினார், மறுபடி எழுதினார். நாற்பத்தாறாவது வயதில் எங்கள் கிளப் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. வேறு யாரும் வர ஒப்புக்கொள்ளாததுதான் காரணம். அன்று தொடங்கியது பயம்.

ஆட்டக்காரனுக்குப் பந்து வரும், உதைத்துவிடலாம். பயிற்சியாளருக்கு என்ன வரும்? ஃபோன் வரும். முதலாளி வருவார். எதை உதைப்பது? ஃபோன் அடித்தால் இபுகி அதைக் கோல்கீப்பரின் பழைய கையுறைக்குள் திணித்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஆட்டத்தன்று காலையில் அணிப் பட்டியல் எழுதும்போது கை நடுங்கும். ஒருமுறை அவர் எழுதிய ஒன்பது நான்காகத் தெரிந்து, கோல் அடிக்க வேண்டியவன் தொண்ணூறு நிமிஷமும் தடுப்பில் நின்றான். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. ஏதோ பெரிய திட்டம் என்று நினைத்துக்கொண்டான்.

நவம்பர் கடைசிக்குள் எங்கள் நிலைமை இப்படி ஆகிவிட்டது: மூன்றாம் பிரிவில் கீழிருந்து இரண்டாவது இடம். பாக்கி ஒரே ஒரு ஆட்டம், சனிக்கிழமை, சொந்த ஊரில். தோற்காமல் தப்பித்தால் பிரிவில் இருப்போம். தோற்றால் கீழே, அலுவலக ஊழியர்கள் சாயங்காலம் சாயங்காலம் பயிற்சி செய்து ஆடுகிற கூட்டத்துக்குள்.

புதன்கிழமை காலை முதலாளி வந்தார்.

மகாபே என்று பெயர். மீனை அரைத்து அவித்துக் கட்டியாக்கும் கமாபோகோ தொழிற்சாலை அவருடையது. கிளப்பும் அவருடையதுதான். எங்கே போனாலும் தொழிற்சாலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடுதான் போவார். ஈரத் தரையில் அது 'கீச் கீச்' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் கட்டடத்தில் எலிகூட வளைக்குள் போய்விடும். அன்று அந்தக் கீச் கீச் நேராக என்னுடைய பூட்ஸ் அறைக்கே வந்தது. கிளப் மேலாளரிடம் போக வேண்டிய சத்தம் அது. ஆனால் மேலாளர் போன மாதம்தான் ஓய்வெடுக்கப் போயிருந்தார்.

"மோமோஸே," என்றார் முதலாளி. "இபுகி களைச்சுப்போன மாதிரி தெரியுதே."

"அப்படியா முதலாளி?"

"கொஞ்சம் ஓய்வெடுத்துக்கச் சொல்லு."

ஒரு பெட்டி கமாபோகோவை மேஜை மேல் வைத்தார். புன்னகைத்தார். கீச் கீச் கீச். போய்விட்டார். என் கையில் இருந்த பூட்ஸை நான் அதற்கு மேல் இருபது நிமிஷம் துடைத்துக்கொண்டே இருந்தேன். தோல் தேய்ந்து உள்ளே பஞ்சு தெரிந்தது.

இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். மதியம் இபுகி சோற்று உருண்டையைக் கடித்தபடி உள்ளே வந்தார். மேஜை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். மெல்வதை நிறுத்தினார்.

"முதலாளி வந்தாரா?"

"வந்தாரு கோச்."

"பெட்டியத் தொறந்தீங்களா?"

திறந்தோம். எல்லாமே வெள்ளைக் கட்டி. நல்ல காரியம் என்றால் சிவப்பும் வெள்ளையும் சரிபாதி இருக்கும். இதில் மருந்துக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், சவப்பெட்டியைப் பார்ப்பது மாதிரி.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் பெருசா இல்ல. நீங்க களைச்சுப் போயிருக்கீங்களாம். கொஞ்சம் ஓய்வெடுத்துக்கணுமாம்."

நூரிகாபே ஆடியது. சுவரிலே சாய்ந்து, அப்படியே வழுக்கி, பூட்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். கையில் இருந்த சோற்று உருண்டை கோல்கீப்பரின் வலது பூட்ஸுக்குள் விழுந்தது. எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"எந்த ஓய்வு?"

"சொல்லலையே."

"கொஞ்சம்னு சொன்னாரா? இல்ல, நீங்களா சேத்துக்கிட்டீங்களா?"

"அவர்தான் சொன்னாரு. கொஞ்சம்."

"கொஞ்சம்னு சொன்னா இன்னும் மோசம். குரல் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சாந்தமா."

"சாந்தமாவா! சிரிச்சாரா?"

"லேசா."

"பல்லு தெரிஞ்சுதா?"

"ரெண்டு தெரிஞ்சுது."

"போச்சு," என்றார் இபுகி. "மேலாளருக்கு ஓய்வு சொன்னப்ப ஒண்ணுதான் தெரிஞ்சுதாம்."

"நேராக் கேட்டுட்டா என்ன கோச்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, கோயில் மணியைத் திருடலாமா என்று நான் கேட்டது போல இருந்தது. "கேக்கறதா? கேட்டா அவரு சொல்லியாகணுமே! சொல்லாம இருக்கற வரைக்கும்தான் நான் கோச்சு. எனக்கு வேற என்ன தெரியும் மோமோஸே-சான்? நாற்பத்தாறு வயசு. உரிமம் வாங்க ஆறு வருஷம். முதல் வருஷத்துலயே ஓய்வுக்குப் போனவனை இந்த நாட்டுல எந்தக் கிளப்பு கூப்பிடும்? பந்து இல்லாத ஒரு இடத்துல நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அது உண்மை. அவர் மனைவி ஒருமுறை கடையில் முட்டைக்கோஸ் வாங்கி வரச் சொன்னாளாம். வழியில் அதை முழங்காலில் இருபத்தெட்டு முறை தட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை அவர் பயிற்சிக்கு வரவில்லை. வந்தால் முதலாளியின் பேச்சைத் தட்டியதாகிவிடும். வராவிட்டால் போய்விட்டதாகிவிடும். இரண்டுக்கும் பயந்து, மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தி, உள்ளேயே குனிந்து உட்கார்ந்திருந்தார். கார்க் கண்ணாடியின் கீழ் விளிம்பில் மூக்கு மட்டும் தெரிந்தது. அந்த மூக்கை ஊரில் தெரியாதவர் யார்?

"பெருசு," என்று என்னைப் பிடித்துக்கொண்டான் கேப்டன் வாகுயா. முரட்டுப் பயல், தலையைச் சிவப்பாக்கி வைத்திருப்பான். "கோச்சுக்கு ஓய்வாமே?"

"யாருடா சொன்னது?"

"பூட்ஸுக்குள்ள சோறு இருக்கு, கோச்சு காருக்குள்ள இருக்காரு. இதுக்கு மேல பேப்பர்ல வேற போடணுமா?"

"வாய மூடிக்கிட்டுப் போய் ஓடு. பத்து சுத்து."

"கோச்சு இல்ல, நீ எதுக்குச் சுத்து சொல்ற? நீ சோப்புத் தூள் அளவு மட்டும் சொல்லு பெருசு."

வாயை அவன் மூடவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது போகிறார் என்று காதில் விழுந்தால், போகிறவரைக் கேட்கமாட்டார்கள், அது மரியாதை இல்லை. ஒரு சதுர அட்டை வாங்கி, நடுவில் அவர் பேரை எழுதி, சுற்றிலும் ஆளுக்கு ஒரு வரி எழுதுவார்கள். அன்று மாலைக்குள் இருபத்தாறு பேர் எழுதிவிட்டார்கள். ஒருவன் அழுததில் மை கலைந்து, 'உங்களால்தான் நான் ஆளானேன்' என்பது 'உங்களால்தான் நான் ஆமையானேன்' என்று ஆகிவிட்டது. எங்கள் பகுதிப் பெண்கள் சங்கம் மிளகாய் உப்பிட்ட முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தனுப்பியது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் ரசிகர் மன்றம், பன்னிரண்டு பேர்தான், மைதானத்து வேலியில் ஒரு நீளத் துணியைக் கட்டியது. ஆள் உயரத்துக்குத் தூரிகை எழுத்து: *இபுகி கோச், இதுவரைக்கும் நன்றி!*

இப்படித்தான், முதலாளி ஒரு வார்த்தை சொன்னார், யாரும் எதையும் கேட்கவில்லை, ஒரு மனிதரை ஊரே கூடி அன்போடு வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு நான் அந்தத் துணியை அவிழ்க்க ஏணியோடு போனேன். மேலே ஏறி முதல் முடிச்சில் கை வைத்தேன். கீழே சத்தம் கேட்டது.

கீச். கீச். கீச். நின்றது.

முதலாளி துணியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்து படித்தார். பிறகு திரும்பி நடந்து இன்னொரு முறை படித்தார். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"அப்படியா," என்றார்.

மேலே நான் ஏணியைக் கட்டிக்கொண்டேன். அந்த 'அப்படியா' இருக்கிறதே, அது ஒரு வார்த்தை இல்லை. குளிர்பதனக் கிடங்கின் கதவு. மூடினால் உள்ளிருந்து திறக்க முடியாது.

"இபுகி போறாரா, மோமோஸே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

கடல் காற்று வேறு. ஏணி ஆடியது. நான் ஆடியதில்தான் ஏணி ஆடியது என்று பிறகு வாகுயா சொன்னான், பொய். எனக்கு அப்போது இரண்டே வழி. ஆமாம் என்று சொன்னால் இபுகியின் வேலை அங்கேயே முடிந்தது. இல்லை என்று சொன்னால், முதலாளி கொடுத்த ஓய்வை வேண்டாம் என்று சொன்னதாக ஆகும், அப்போதும் முடிந்தது. எப்படித்தான் கேட்டேனோ, முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கிளப்பில் ஒருவரும் கேட்காத கேள்வி என் வாயிலிருந்து விழுந்தது.

"முதலாளி... நீங்க சொன்ன ஓய்வு... எந்த ஓய்வு?"

கடற்காக்கைகள் கத்துவதை நிறுத்தின. அலையும் நின்றது என்றே சொல்வேன். முதலாளி அண்ணாந்து என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் தன்னை நேராகக் கேட்டுவிட்ட அதிர்ச்சி அந்த முகத்தில் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவருக்கும் உதடு லேசாக நடுங்கியது.

"எனக்கே தெரியல மோமோஸே," என்றார் சன்னமாக. "ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒரு வார்த்தை. அவர் எப்படி எடுத்துக்கறாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்னு இருந்தேன். எங்கப்பா காலத்துலேர்ந்து பேக்டரில அப்படித்தான். யாரையும் போன்னு சொன்னதே இல்ல. சொல்லவும் எனக்கு வராது. எப்படி எடுத்துக்கிட்டாரு?"

பாருங்கள் வேடிக்கையை! பதினேழு பருவம், நான்கு முறை உடைந்த மூக்கு, ஆறு வருஷப் படிப்பு, எல்லாம் இப்போது ஒரு பூட்ஸ் துடைப்பவனின் நாக்கு நுனியில்.

"தூங்கறாரு முதலாளி," என்றேன்.

"தூங்கறாரா?"

"நீங்க சொன்னீங்கன்னு சொன்னதும் அப்படியே படுத்தவருதான். புதன்கிழமை மத்தியானத்துலேர்ந்து. குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குது. பக்கத்து வீட்டு நாய் வீட்டை மாத்திக்கிச்சு."

"அப்போ இந்தத் துணி?"

"எழுத்துப் பழகறாங்க. தூரிகை வகுப்பு."

முதலாளி வெகுநேரம் துணியைப் பார்த்தார். "அந்த 'நன்றி' கொஞ்சம் கோணலா இருக்கு," என்றார் கடைசியில். "சரி. நாளைக்கு ஆட்டத்துல அவர் முகத்தைப் பாக்கறேன். ஓய்வெடுத்த முகமா இருந்தா... பாத்துக்கலாம்."

அவர் போனதும் நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். ஓய்வெடுத்த முகம்! இபுகி புதனிலிருந்து கண்ணை மூடவில்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வாரத்துக்கு வேண்டிய துணிகளை வைத்து மூடலாம்.

நேராக அவர் வீட்டுக்கு ஓடினேன். கீழே சலவைக் கடை, மேலே வீடு. கடை அவர் மனைவி சிஸுருவுடையது. ஐந்து கிளப், ஐந்து ஊர். ஊருக்கு ஊர் கடையை மூடித் திறந்து அலுத்துப்போன பெண்.

"மாடில இருக்காரு," என்றாள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல். "மூணு நாளா சட்டைய மடிச்சுப் பெட்டில வைக்கறதும் எடுத்து மாட்டறதுமா இருக்காரு. எனக்குத் தொழில்ல போட்டி வந்துடுச்சு."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒரு மனுஷன் தூங்கச் சொல்லியிருக்கான். இவர் தூங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். இல்லையா?"

"ஆமா."

"இதுக்கு ஊர் முழுக்க அழுதிருக்கீங்க."

"ஆமா."

"உங்க எல்லார் தலைக்குள்ளயும் வெளுக்கற பவுடர்தான் போடணும்."

மாடிக்குப் போனோம். இபுகி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் நிம்மதியில் முகம் விரிந்தது. அடுத்த நொடி வெளிறியது.

"நாளைக்குள்ள தூங்கணுமா?"

"உடனே தூங்கணும் கோச்."

"தூங்கலைன்னா வேலை போயிடும்னு தெரிஞ்சா யாருக்கு மோமோஸே-சான் தூக்கம் வரும்?"

படுத்தார். கண்ணை இறுக மூடினார். இமைக்குள் விழி ஓடுவது தெரிந்தது, இடது பக்கம், வலது பக்கம். சூடான பால் கொடுத்தோம். குளிக்க வைத்தோம். நான் கிளப்பின் ஐந்து வருஷக் கூட்டக் குறிப்புகளை உரக்கப் படித்தேன். எனக்குத்தான் தலை சாய்ந்தது. நாலாவது பக்கத்தில் அவர் என்னை எழுப்பி, "மேலாளரை அனுப்பினது எந்த தேதி?" என்று கேட்டார். மணி மத்தியானம் மூன்று.

சிஸுரு அலமாரியைத் திறந்து ஒரு பழைய ஒளிப்பதிவை எடுத்து ஓடவிட்டாள். இருபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம். இபுகிக்குத் தலை நிறைய முடி. மழை, சேறு. எதிரணி முப்பது தடவை வந்தது, முப்பது தடவையும் அவர் அங்கே நின்றார். தலையால், மார்பால், ஒருமுறை காதால்.

"அப்போ பயமே இல்லையா கோச்?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பயம்?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பந்து எங்க வருதோ அங்க நிக்கணும். அவ்வளவுதானே வேலை. அதோ பாருங்க, இப்ப அவன் வலது பக்கம் தட்டுவான். நான் ஏற்கெனவே..."

வாக்கியம் முடியவில்லை. பாய்த் தரையில் கன்னத்தை வைத்தபடி தூங்கிவிட்டார். சிஸுரு அவர் மேல் ஒரு போர்வையைப் போட்டு, ஒலியை மட்டும் குறைத்தாள். நான் கால்விரல் நுனியில் நடந்து வெளியேறினேன்.

சனிக்கிழமை, ஒரு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டுக்கு இபுகி வரவில்லை. பன்னிரண்டரைக்கு வரவில்லை. ஃபோன் போட்டேன்.

"தூங்கறாரு," என்றாள் சிஸுரு.

"இன்னுமா! எழுப்புங்க!"

"நான் எழுப்பல. ஆறு மாசத்துல இந்த மனுஷன் முழுசாத் தூங்கறது இதான் முதல் தடவை. போகட்டும், தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"சிஸுரு-சான், ஆட்டம் ஒரு மணிக்கு!"

"தெரியும்," என்றாள். குரல் மாறியது. "இருபத்தோரு மணி நேரம் ஆச்சு. மூச்சு வருதான்னு ரெண்டு தடவ பாத்தேன். பயமா இருக்கு எனக்கும். இருங்க, கடை வண்டில தூக்கிப் போட்டுக்கிட்டாவது வரேன்."

ஒரு மணி. அணிகள் இறங்கின. எங்கள் இருக்கை வரிசையில் நடு இடம் காலி. அதில் யார் உட்காருவது என்று தெரியாமல் உதவிப் பயிற்சியாளர் அதன் மேல் ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்தார். மேல் படிக்கட்டில் முதலாளி, படகுகளைப் பார்க்க வைத்திருக்கும் தொலைநோக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நேராக அந்தத் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தார். அவருக்கு இப்போது ஒரு வார்த்தையும் தேவையில்லை. காலி இடமே பதில்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். புட்டி அசையவில்லை, தொலைநோக்கியும் அசையவில்லை. பன்னிரண்டாவது நிமிஷம் வாகுயா தன் சிவப்புத் தலையால் ஒரு கோல் அடித்தான். யாரும் கத்தவில்லை. கோச் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, காலி இடத்தைப் பார்த்து பதினோரு பேரும் குனிந்து வணங்கினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி மெதுவாகத் தொலைநோக்கியை இறக்கினார். எழுந்தார். படியில் முதல் கால் வைத்தார். கீச்.

அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு சலவை வண்டி தடதடவென்று வந்து நின்றது. பின் கதவு திறந்தது. தொங்கிக்கொண்டிருந்த முப்பது கோட்டுகளுக்கு நடுவிலிருந்து இபுகி ஷோஜிரோ இறங்கினார். உடம்பில் யாரோ வாடிக்கையாளரின் கோட்டு, அதிலே சலவைக் கடையின் பழுப்புச் சீட்டு. தலைமுடி ஒரு பக்கம் செங்குத்தாக நின்றது. கண்கள் பச்சைக் குழந்தையினுடையவை. இடது கன்னத்தில், மூக்கு முதல் காது வரை, பாயின் ஒவ்வொரு கோடும் ஆழமாகப் பதிந்திருந்தது. யாரும் ஒப்பனை செய்ய முடியாத கோடுகள் அவை. எத்தனை மணி நேரத் தூக்கம் என்று விரல் வைத்து எண்ணிச் சொல்லிவிடலாம்.

படியிறங்கி வந்த முதலாளியும், ஓடி வந்த இபுகியும் மைதானத்தின் ஓரத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். இபுகி கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். முதலாளியின் ரப்பர் பூட்ஸ் நின்ற இடத்திலேயே கத்தியது, கீச் கீச் என்று. முதலாளி கழுத்தை நீட்டி, அந்தக் கன்னத்தை இடமிருந்து வலமாக, துணியைப் படித்த அதே நிதானத்தில் படித்தார்.

"நல்லா தூங்கினேன்," என்றார் இபுகி, தரையைப் பார்த்து. "ரொம்ப நன்றி. ஓய்வு முடிஞ்சுது. வேலைக்கு வந்துட்டேன்."

அதற்கு என்ன சொல்வார் அவர்? வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்பதா? அந்த வார்த்தைதான் அவருக்கு வராதே! முதலாளி இருமினார். என் பக்கம் திரும்பினார்.

"மோமோஸே, அடுத்த வருஷச் சட்டைக்கு நீலம் கொஞ்சம் ஆழமாப் போடலாமான்னு யோசனை. கோச்சுக்கு எந்த நீலம் பிடிக்கும்னு கேட்டு வை."

கீச் கீச் கீச். மேலே ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வருஷம்! கோச்சுக்கு! நான் தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். இபுகி தன் இடத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் எங்கள் பையன்கள் மலைத்துப்போய் நிற்க, எதிரணி அந்த இடைவெளியில் சாவகாசமாக ஒரு கோல் போட்டது. மீதி எழுபது நிமிஷம் பந்து எங்கள் கோல் பக்கம்தான் இருந்தது. கம்பத்தில் பட்டது பதினெட்டு முறை. சரி, மூன்று முறை. ஒன்றுக்கு ஒன்று. தப்பித்தோம்.

கடைசி ஊதல் ஊதியபோது வாகுயா ஓடி வந்து இபுகியைத் தூக்கிச் சுற்றினான். "கோச், உங்களுக்கு எழுதின அட்டை வீணாப் போச்சு. இருபத்தாறு பேர் அழுதோம். ஒருத்தன் ஆமையே ஆயிட்டான்!"

எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இனிமே என்ன பயம் கோச்? வேலை நிலைச்சாச்சு."

"இப்பத்தான் ஆரம்பிக்குது," என்றார். "அடுத்த வருஷம் முப்பத்தெட்டு ஆட்டம் இருக்கு, மோமோஸே-சான். முதல் ஆட்டத்துக்கு இன்னும் நூறு நாள்கூட இல்ல."

பாக்கெட்டிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, நடுங்கும் கையால் முதல் ஆட்டத்துக்கான அணிப் பட்டியலை எழுத ஆரம்பித்தார். ஒன்பது நன்றாக ஒன்பது மாதிரியே விழுந்தது.